சூடா மூணு ரொட்டி!
மாலத்தீவு என்றாலே லட்சக்கணக்கில் செலவு என்று பயந்தார் அம்மா. நாங்கள் போனது மாஃபுஷி. மாலேயிலிருந்து ஸ்பீடு போட்டில் அரை மணி நேரம். உள்ளூர் மக்கள் வாழும், சிறு விடுதிகள் நிறைந்த தீவு.

முதல்நாள் காலை உணவு, 'மாஸ் ஹுனி'. சூரை மீன், தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை சேர்த்துப் பிசைந்தது. கூடவே 'ரோஷி' எனும் மெல்லிய ரொட்டி. ஒரு வாய் வைத்ததுமே, "இது நம்ம மாசி சம்பல்டி!" என்றார் தூத்துக்குடிக்கார அம்மா. மாசிக் கருவாட்டுக்குப் பேர்போன தீவுகளாச்சே!

வீட்டில் எல்லோருக்கும் தோசை சுட்டுப்போட்டு, கடைசியில் ஆறியதைச் சாப்பிடுபவர், அன்று சூடாக மூன்று ரொட்டி சாப்பிட்டார். பிறகு அலையில் கால் நனைத்தபடி, "மதியத்துக்கு என்ன செய்யணும்?" எனப் பழக்கத்தில் கேட்டுவிட்டு, அவரே சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது ஞாயிறுதோறும் தோசைக்கல் என் கையில். சூடான முதல் தோசை அம்மாவுக்கு. உங்கள் வீட்டில்?