வளி சுத்திகரிப்புக் கருவியும் எமது வீடுகளும்

2022ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் திகதி, வளி மாசடைந்திருந்த காரணத்தினால் நாடு முழுவதும் பாடசாலைகள் மூடப்பட்டன. மண்டூஸ் புயல் வங்காள விரிகுடாவில் நிலைகொண்டிருந்த வேளையில், வடக்கிலிருந்து வீசிய காற்று இந்தியப் பெருநிலப்பரப்பின் புகையையும் தூசியையும் எமது தீவின் மீது கொண்டு வந்து சேர்த்தது. மழைக்கும் வெள்ளத்திற்கும் பாடசாலைகள் மூடப்படுவதைக் கண்டு பழகிய எமது மக்களுக்குச் சுவாசிக்கும் காற்றுக்காகப் பாடசாலை மூடப்பட்டமை புதிய அனுபவமாகவே இருந்தது. அதன் பின்னர் 'வளியின் தரச் சுட்டி' என்ற சொல் செய்திகளில் இடம்பிடித்துக் கொண்டது. அதனுடன் சேர்ந்து, வீட்டுக்கு வீடு வளி சுத்திகரிப்புக் கருவி என்ற எண்ணமும் எமது கரையோர ஊர்களுக்கு வந்து சேர்ந்திருக்கின்றது.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று போன்ற ஊர்களில் வளைகுடா நாடுகளில் தொழில் புரிவோர் இல்லாத குடும்பங்கள் குறைவு. விடுமுறையில் வருபவர் தாய் தந்தையருக்காகவோ, இழுப்பு நோயினால் அவதியுறும் பிள்ளைக்காகவோ இத்தகைய கருவியொன்றை வாங்கி வருவது அன்பின் வெளிப்பாடு. அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் பெட்டியைத் திறந்து மின் இணைப்பைக் கொடுத்ததோடு காரியம் முடிந்துவிட்டதாகக் கருதுவதுதான் தவறு. ஆங்கிலத்திலும் சீன மொழியிலும் அச்சிடப்பட்ட கைநூல் அலுமாரிக்குள் போய்விடுகின்றது. சில மாதங்களில் கருவி இயங்குவது போலத் தோன்றிக் கொண்டே தன் வேலையைச் செய்யாமல் விடுகின்றது.

இக்கருவிகள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. முதலாவது வகை, நெருக்கமான இழைகளாலான வடியினூடாகக் காற்றை விசிறியால் தள்ளுவது. 'ஹெப்பா' எனப்படும் வடி, 0.3 மைக்ரோன் அளவுள்ள துணிக்கைகளில் 99.97 வீதத்தைப் பிடிக்கக் கூடியது. இரண்டாவது வகையே இலத்திரனியல் சுத்திகரிப்புக் கருவி. அதனுள் மெல்லிய கம்பிகளில் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் கொடுக்கப்படுகின்றது. கம்பிகளைக் கடந்து செல்லும் தூசியும் புகையும் மின்னேற்றம் பெறுகின்றன. அடுத்துள்ள உலோகத் தகடுகள் அவற்றைக் கவர்ந்து பிடித்துக் கொள்கின்றன. அமெரிக்க விஞ்ஞானி பிரெடெரிக் கொட்ரெல் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிற்சாலைப் புகையை அடக்குவதற்குக் கையாண்ட முறை இது. எமது நாட்டின் நுரைச்சோலை அனல் மின் நிலையத்தில் நிலக்கரிச் சாம்பலைப் பிடிப்பதற்கும் இதே தத்துவம்தான் பயன்படுகின்றது. மூன்றாவது வகையில் தகடுகளும் இல்லை, பெரும்பாலும் விசிறியும் இல்லை. அயன்களை அறைக்குள் வெளிவிடுவதோடு சரி. மின்னேற்றம் பெற்ற தூசி சுவரிலும் திரைச்சீலையிலும் படிகின்றது. கருவிக்கு அருகிலுள்ள சுவர் கறுத்துப் போவது இதனாலேயே. படிந்த தூசி மீண்டும் காற்றில் கிளம்புவதற்கும் தடையில்லை.

இலத்திரனியல் கருவியின் பெரிய வசதி, வடியை அடிக்கடி புதிதாக வாங்க வேண்டியதில்லை என்பதாகும். விற்பனையாளர் இதனையே முதலில் சொல்வார். தகடுகளைக் கழுவ வேண்டும் என்பதை அவர் மெதுவாகவே சொல்வார். தூசி படிந்த தகடு மேலும் தூசியைப் பிடிக்காது. பாவனையைப் பொறுத்து மாதத்திற்கொரு முறையோ, இரண்டு மூன்று மாதங்களுக்கொரு முறையோ தகடுகளை வெளியே எடுத்துச் சவர்க்கார நீரில் ஊறவைத்துக் கழுவி, முற்றாக உலர்ந்த பின்னரே மீளப் பொருத்த வேண்டும். மின் இணைப்பைத் துண்டித்துச் சிறிது நேரம் காத்திருக்காமல் உள்ளே கை வைக்கக் கூடாது. மின்னேற்றம் உடனே வடிந்து விடுவதில்லை. கம்பிகளை மென்மையான துணியால் துடைக்க வேண்டும், அழுத்தினால் அறுந்துவிடும். 'பட பட' என்ற ஓசை தொடர்ந்து கேட்குமாயின் தகடுகளுக்கிடையே அழுக்கோ, ஈரமோ, பூச்சியோ சிக்கியிருக்கின்றது என்பதே பொருள். கருவி நன்றாக வேலை செய்வதன் அடையாளம் அந்த ஓசை என்று கருதுவோரும் உண்டு! ஹெப்பா வடியின் கதை இதற்கு நேர்மாறானது. அதைக் கழுவினால் இழைகள் கெட்டுவிடும். தயாரிப்பாளர் குறிப்பிட்ட காலத்தில் அதனை மாற்றத்தான் வேண்டும். அதற்கான புதிய வடி இலங்கையில் கிடைக்குமா என்பதை வாங்கும் முன்பே விசாரித்துக் கொள்ள வேண்டும்.

உயர் மின்னழுத்தம் உள்ள இடத்தில் ஓசோன் வாயு சிறிதளவேனும் உண்டாகும். அழுக்கேறிய கருவியில் அது கூடுதலாகும். வானத்தின் உயரத்தில் எம்மைக் காக்கும் ஓசோன், படுக்கையறையில் நுரையீரலை எரிச்சலூட்டும் வாயு. ஆஸ்துமா எனப்படும் தொய்வு நோயுள்ளவரை அது முதலில் தாக்கும். எந்தப் பிள்ளைக்காகக் கருவி வாங்கப்பட்டதோ அந்தப் பிள்ளைக்கே அது கேடு செய்யலாம் என்பதை வாசகர்கள் மனங்கொள்ள வேண்டும். இடி மின்னலுக்குப் பின் வீசுவது போன்ற கூரிய மணம் அறையில் வருமாயின் அது தூய காற்றின் மணமல்ல. உடனே கருவியை நிறுத்த வேண்டும்.

இது விடயத்தில் அமெரிக்காவில் நடந்தது எமக்கும் பாடமாகும். 'ஷார்ப்பர் இமேஜ்' என்ற நிறுவனம் ஓசையில்லாத அயன் கருவியொன்றை இலட்சக்கணக்கில் விற்றது. 'கன்சியூமர் ரிப்போர்ட்ஸ்' என்ற நுகர்வோர் சஞ்சிகை அதனைச் சோதித்து, காற்றை அது குறிப்பிடத்தக்க அளவில் சுத்தம் செய்யவில்லை என எழுதியது. நிறுவனம் 2003இல் சஞ்சிகைக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. 2004இல் வழக்குத் தள்ளுபடியானது. 2005இல் அதே சஞ்சிகை இத்தகைய கருவிகள் வெளிவிடும் ஓசோனைப் பற்றியும் எழுதியது. 2008இல் அந்நிறுவனம் வங்குரோத்து நிலையை அடைந்தது. கலிபோர்னியா மாநிலம் 2007இல் ஒழுங்குவிதிகளை இயற்றி, வீட்டுக் கருவிகள் வெளிவிடும் ஓசோனுக்குப் பத்து இலட்சத்தில் 0.05 பங்கு என்ற உச்ச வரம்பை விதித்தது. நுகர்வோர் சார்பில் சோதித்துப் பார்க்க ஒரு சஞ்சிகையும், அதன் பின் சட்டமியற்ற ஓர் அரசும் அங்கு இருந்தன.

எமது ஊர்களின் வீட்டமைப்பையும் கவனிக்க வேண்டும். 120 சதுர அடி கொண்ட அறையொன்றுக்கு நிமிடத்துக்குச் சுமார் 80 கன அடி தூய காற்றைத் தரும் கருவி தேவை என்பது கணக்கு. இக்கணக்கு கதவும் ஜன்னலும் மூடப்பட்ட அறைக்கே பொருந்தும். ஓட்டுக்கூரைக்கும் சுவருக்கும் இடையே வெளி விட்டு, கடற்காற்று வந்து போகக் கட்டப்பட்ட வீட்டில் கருவி ஊரையே சுத்தம் செய்ய முயன்று தோற்றுப் போகும். கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களில் ஜன்னலை மூடிக்கொண்டு இருக்க முடியுமா? மூடினால் குளிரூட்டி வேண்டும். 50 வாட் கருவியை இரவு பகலாக இயக்கினால் மாதத்திற்கு 36 அலகுகள் செலவாகும். படிநிலை முறையில் அமைந்த எமது மின்கட்டணத்தில் சாதாரண குடும்பமொன்றை அடுத்த படிக்குத் தள்ள இதுவே போதும். இவற்றுக்கு மேலாக உப்புக் காற்று வேறு. கடலோரத்தில் இரும்புக் கேற்றைத் தின்னும் அதே உப்பு, மின்சுற்றுகளை விட்டுவைக்கப் போவதில்லை.

இத்தனைக்கும் வீட்டுக்குள் இருக்கும் புகையில் பெரும்பகுதி வீட்டுக்குள்ளேயே பிறப்பது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது நாட்டின் குடும்பங்களில் நான்கில் மூன்றுக்கும் மேற்பட்டவை விறகிலேயே சமைத்தன. 2022இல் எரிவாயு தட்டுப்பாடு வந்தபோது, விறகடுப்பைக் கைவிட்டிருந்தோரும் அதனிடமே திரும்பினர். டெங்குக்கு அஞ்சி இரவு முழுவதும் கொளுத்தப்படும் நுளம்புச் சுருள் மற்றொன்று. சீன, மலேசியச் சுருள்களை ஆராய்ந்து 2003இல் வெளியான ஆய்வொன்று, ஒரு சுருள் வெளிவிடும் நுண்துணிக்கைகள் 75 முதல் 137 வரையிலான சிகரெட்டுகளின் அளவுக்குச் சமம் எனக் கண்டது. மூடிய அறையில் ஒரு மூலையில் சுருளையும் மறு மூலையில் சுத்திகரிப்புக் கருவியையும் வைப்பதை என்னவென்பது! நுளம்பு வலையின் விலை எவ்வளவு? வியாழன் மாலையிலும் வெள்ளியிலும் சாம்பிராணி போடுவது முஸ்லிம், இந்து இல்லங்கள் இரண்டிலும் உள்ள வழக்கம். அதனைக் கைவிடுமாறு நாம் கூறவில்லை. கைக்குழந்தையும் தொய்வு நோயாளியும் இருக்கும் அறைக்கு வெளியே, ஜன்னல்களைத் திறந்து வைத்துச் செய்யலாம்.

வெளியிலிருந்து வரும் புகையைத் தனியொரு குடும்பத்தால் தடுக்க இயலாது. அறுவடை முடிந்ததும் வயல்களில் எரிக்கப்படும் வைக்கோல், அரிசி ஆலைகளின் உமித்தூசி, தெருவோரத்தில் கொளுத்தப்படும் பொலித்தீன் குப்பை என்பன சாதி, மதம், ஊர் எல்லை பார்ப்பதில்லை. காரைதீவில் எழும் புகை சாய்ந்தமருதுக்கும், சம்மாந்துறையில் எழும் புகை கல்முனைக்கும் காற்று திரும்பும் திசையைப் பொறுத்துச் செல்லும். 2008ஆம் ஆண்டு வர்த்தமானியின்படி, 2.5 மைக்ரோனிலும் சிறிய துணிக்கைகளுக்கு எமது நாட்டின் வருடாந்த வரம்பு ஒரு கன மீற்றருக்கு 25 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த அளவோ 5 மைக்ரோகிராம் மட்டுமே. உள்ளூராட்சி சபைகளும் கமநல சேவை நிலையங்களும் குப்பை எரிப்பையும் வைக்கோல் எரிப்பையும் கட்டுப்படுத்தாத வரை, வசதியுள்ளவர் அறைக்குள் கருவியோடும் வசதியற்றவர் திண்ணையில் புகையோடும் இருக்க நேரிடும்.

ஆகவே நுகர்வோர் விவகார அதிகாரசபையும் இலங்கைக் கட்டளைகள் நிறுவனமும், விற்பனைக்கு வரும் ஒவ்வொரு கருவியின் ஓசோன் வெளியீட்டையும், அது எத்தனை சதுர அடி அறைக்குப் போதுமானது என்பதையும், பராமரிப்பு முறையையும் தமிழிலும் சிங்களத்திலும் பெட்டியின் மேலேயே அச்சிடச் செய்ய வேண்டும் என நாம் வலியுறுத்துகின்றோம். ஏற்கனவே வாங்கியவர்கள் இந்த வார இறுதியிலேயே கருவியைத் திறந்து பார்க்கட்டும். தகடுகளைக் கழுவுவோர் உவர்ப்பான கிணற்று நீரைத் தவிர்த்துக் குழாய் நீரைப் பயன்படுத்துவது நல்லது. உவர் நீர் உலர்ந்ததும் தகட்டில் தங்கும் உப்பு, ஈரக்காற்றை உறிஞ்சி மின்கசிவுக்கு வழி செய்யும்.