படகுப் போட்டி பார்க்க கேலரி எங்கே? அடையாறு தென்கரைக்கு அடிக்குமா யோகம்!

சென்னை: அடையாற்றில் மெட்ராஸ் போட் கிளப் 1867-ல் தொடங்கப்பட்டது. கொழும்பு ரோயிங் கிளப்புடன் மோதும் ரெகாட்டாவும் பழைய பாரம்பரியம்தான். ஆனால் சென்னைவாசிகள் பலருக்கு இப்படி ஒரு போட்டி இருப்பதே தெரியாது. காரணம் சிம்பிள். ஜனங்கள் நின்று பார்க்க இடமே இல்லை!

அண்ணா பல்கலைக்கழகம், ஐ.ஐ.டி. எல்லாம் பக்கத்தில்தான். நாளைக்கே மாணவர்களுக்கென இங்கே ஒரு பந்தயத் தடம் அமைத்தாலும், ரசிகர்களை எங்கே உட்கார வைப்பது என்பதுதான் பெரிய தலைவலியாக இருக்கும்.

சர்வதேசத் தடத்தின் நீளம் 2000 மீட்டர். எட்டுப் பேர் துடுப்புப் போடும் படகு அதை சுமார் ஆறு நிமிடத்தில் முடித்துவிடும். கரையில் நிற்பவரின் கண் முன்னால் 100 மீட்டரைத் தாண்ட 18 நொடிதான். கேலரியை ஸ்டார்ட்டிங்கில் போட்டால் காசு தண்டம். கடைசி 250 மீட்டரில்தான் போடணும்.

சரி, எந்தக் கரை? கிளப் இருப்பது வடகரை. எதிரே கோட்டூர்புரம் பக்கம், தென்கரையில் உட்கார்ந்து வடக்கே பார்த்தால் வெயில் பெரும்பாலும் முதுகுப் பக்கம்தான், கண் கூசாது.

அதற்காக நெட்டுக்குத்தாக கான்கிரீட் சுவர் எழுப்பினால் போச்சு. அலை சுவரில் மோதித் திரும்பி படகை ஆட்டிவிடும். சரிவான மண் கரை, அதில் புல், போட்டி அன்று மட்டும் ஷாமியானா, கழற்றி எடுத்துப் போகிற பெஞ்ச். இது போதும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்தில் 29,000 கனஅடி திறந்துவிட்டபோது கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டு வீடுகளுக்குள்ளேயே தண்ணி புகுந்தது. அந்த இடத்தில் நிரந்தரக் கட்டடம் கட்டுவது வம்பை விலைக்கு வாங்குவதுதான்.

லண்டனில் ஆக்ஸ்போர்டு - கேம்பிரிட்ஜ் போட்டி புட்னி முதல் மார்ட்லேக் வரை 6.8 கி.மீ. தேம்ஸ் கரையில் லட்சக்கணக்கில் கூடுகிறார்கள். கரையில் நிற்க டிக்கெட் கிடையாது. பூங்காக்களில் பெரிய திரை வைத்துக் காட்டியதும் உண்டு.

இங்கே நிலைமை வேறு. வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றோரம் இருந்த ஏழைக் குடும்பங்களை, ஆற்றைச் சீரமைக்கணும் என்று சொல்லி பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். வேலை, பள்ளிக்கூடம் எல்லாம் பழைய இடத்திலேயே நின்றுபோனது. அப்படிக் காலி செய்த கரையில் பாஸ் வைத்திருப்பவருக்கு மட்டும் கேலரி என்று வந்தால் எரிச்சல் வராதா?

அதனால் தென்கரையில் வேலியும் கேட்டும் வேண்டவே வேண்டாம். வி.ஐ.பி.க்களுக்கு வடகரையில் கிளப் இருக்கவே இருக்கு.