கார்ட்டூன்தானே என்று இனியும் சொல்லாதீர்கள்

பம்பாய் தாராவியில், நைன்டி ஃபீட் ரோட்டுக்குப் பின்சந்தில் நான் டியூஷன் எடுக்கிறேன். போன வாரம் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இரண்டு நாளாக வரவில்லை. தேடிப் போனேன். பத்துக்குப் பத்து ஒற்றை அறைக் கோலியில், அம்மாவின் முந்தானையை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ராத்திரி லைட்டை அணைக்க விடுவதில்லையாம். மாடியில் இருக்கும் காலேஜ் பையன்கள் "முயல் கார்ட்டூன் பாருடா" என்று போனைக் கொடுத்திருக்கிறார்கள். முதலில் பூ, பட்டாம்பூச்சி, தாலாட்டு மாதிரி ஒரு மெட்டு. அரை நிமிஷத்தில் அந்த முயல் ரத்தக்களறியாகிவிட்டது. இவன் அலறியதை இன்னொரு போனில் படம் பிடித்து ஸ்டேட்டஸில் வைத்துச் சிரித்திருக்கிறார்கள். கேட்டால், பிராங்க்காம்.

அம்மா சொன்னது இது: "கார்ட்டூன்தானக்கா, அதுல என்ன இருந்துறப் போவுதுன்னு நானும் பேசாம இருந்துட்டேன்."

அந்தப் பையன்கள் மேல் வந்த கோபத்தைவிட இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் எனக்கு ஆத்திரம். தாராவியில் மட்டுமில்லை, மாட்டுங்காவிலும் செம்பூரிலும் படித்தவர்கள் வீட்டிலும் இதையேதான் கேட்கிறேன். பொம்மைப் படம் என்றால் பிள்ளைகளுக்கானது என்று இவர்களுக்கு யார் எழுதிக் கொடுத்தது?

இந்த வித்தை புதிதே இல்லை. அமெரிக்காவில் 1999 கடைசியில் 'ஹேப்பி ட்ரீ ஃபிரெண்ட்ஸ்' இணையத்தில் வந்தது. மஞ்சள் முயல், இளஞ்சிவப்பு அணில், பச்சைக் கரடி. ஒவ்வொரு கதையிலும் கோரமாகச் சாகும். இது சின்னக் குழந்தைகளுக்கு இல்லை என்று தொடக்கத்திலேயே போட்டுவிடுவார்கள். எடுத்தவர்களுக்கு யாருக்காக எடுக்கிறோம் என்பதில் குழப்பமே கிடையாது. ஆனால் அது உலகம் பூராவும் பேர் வாங்கியதில் "அழகா இருக்கு, பாரேன்" என்று சொல்லிப் பார்க்க வைத்தவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. மாட்டுங்காவில் ஒரு சைபர் கஃபேயில் என் காதில் ஹெட்போனை மாட்டி என் தோழி காட்டியதும் அதைத்தான். முதல் பத்து நொடி நானும் சிரித்துக்கொண்டுதான் பார்த்தேன். 2008இல் ரஷ்யாவில் அதை ஒளிபரப்பிய தொலைக்காட்சிக்கு அரசே எச்சரிக்கை அனுப்பியது. அதுவும் விளம்பரம்தான்.

எலிப்பொறிக்குள் மசால்வடையை வைக்கிறோமே, அதுதான் அந்த மஞ்சள் முயல். வடை வாசத்துக்குப் பிள்ளையைப் பழக்கியது யார்? ‘கார்ட்டூன்தானே’ என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் ஹேப்பி ட்ரீ ஃபிரெண்ட்ஸைக் காட்டி ஒருத்தரையும் ஏமாற்ற முடியாது. பேய்ப் படத்தைக் காட்டினால் பிள்ளை முதல் காட்சியிலேயே கண்ணை மூடிக்கொள்ளும். முயலைக் காட்டினால் மூடாது. ஏமாற்றுகிறவர்களுடைய மொத்தச் சாமர்த்தியமும் இவ்வளவுதான்.

எல்லாக் கார்ட்டூனும் பிள்ளைகளுக்கானது இல்லை என்பது அரசாங்கத்துக்காவது தெரிந்ததா? ஷின்சான் 1990இல் ஜப்பானில் பெரியவர்கள் படிக்கும் வார இதழில் தொடங்கிய படக்கதை. இங்கே 2006இல் குழந்தைகள் சேனலில் கொண்டுவந்து போட்டார்கள். பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று பெற்றோர் கூச்சல் போட்டதும் 2008இல் தடை. பிறகு வெட்டி ஒட்டித் திரும்பவும் அதே இடத்தில். இது யாருக்கு எழுதிய கதை என்று அந்தச் சேனலில் போடுவதற்கு முன்னால் ஒருத்தர் கேட்டிருந்தால் போதாதா? கேட்கத் தோன்றாது. கார்ட்டூன் அல்லவா!

2017இல் யூடியூபில் நடந்தது இன்னும் மோசம். பிள்ளைகளுக்குப் பழக்கமான எல்சா, பெப்பா பன்றி முகங்களை வைத்தே ஊசி, ரத்தம், கடத்தல் என்று ஆயிரக்கணக்கில் வீடியோக்கள். அந்த நவம்பரில் குழந்தைகளுக்கு ஆபத்தானவை என்று ஒன்றரை லட்சத்துக்கு மேல் வீடியோக்களை நீக்கினார்கள். அதுவரை அவை ஓடியது எந்த நம்பிக்கையில்? சமையல்கட்டில் நின்றபடி சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு "கார்ட்டூன்தான் பாக்குறான்" என்று நிம்மதியாகத் தோசையைத் திருப்பிப் போட்ட நம் நம்பிக்கையில்.

இந்த எண்ணம் பிள்ளைகளை மட்டுமா கெடுத்தது? கார்ட்டூன் வரைகிற தொழிலையும்தான். இந்த பம்பாயில்தான் 1956இல் அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன் கார்ட்டூன் பிரிவு தொடங்கியது. சென்னையில் வேதியியல் படித்துவிட்டு வந்து அங்கே சேர்ந்தவர் ராம் மோகன். அந்தப் பிரிவு குடும்பக் கட்டுப்பாட்டுக்குப் படம் எடுத்தது பெரியவர்களுக்காகத்தான். அவரே ஜப்பானியர் யூகோ சாகோவோடு ராமாயணம் எடுத்தபோது, ராமனைக் கார்ட்டூனாக்குவதா என்று எதிர்ப்பு. எப்படி இருக்கிறது பாருங்கள்: கடவுளுக்குக் கார்ட்டூன் கேவலம், ஆறு வயசுப் பிள்ளைக்கு எந்தக் கார்ட்டூனும் போதும்! செம்பூரில் என் சித்தி மகன் இதே தொழிலில் விடிய விடிய உட்கார்ந்து ஃபிரேம் ஃபிரேமாக வரைகிறான். கல்யாண வீட்டில் அவனிடம் கேட்கும் கேள்வி, "இன்னும் பொம்மைதான் போட்டுட்டு இருக்கியா?"

நேற்று அந்தப் பையன் வீட்டுக்கு மறுபடி போனேன். யூனிசெஃபுக்காக ராம் மோகன் செய்த 'மீனா' கார்ட்டூனைப் போனில் போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். மீனாவின் கிளி மிட்டு பறந்து வந்ததும் என் கையை இறுக்கிப் பிடித்தான்.

"டீச்சர், இந்தக் கிளியையும் கொன்னுருவாங்களா?"

இல்லைடா என்றேன். அவன் நம்பவில்லை. படம் முடிகிற வரைக்கும் கையை விடவில்லை.