பெட்ரோல் காசு

‘தன்னார்வலர்’ என்ற சொல்லைக் கண்டால் நான் கொஞ்சம் உஷாராகிவிடுவேன். அரசாங்க அறிக்கையில் அது எங்கே வருகிறதோ, அங்கே யாருக்கோ சம்பளம் கிடையாது என்று பொருள். கல்வராயன் மலையின் உள்ளூரில் ஒருவரைப் பாம்பு கடித்தாலும், நடுராத்திரியில் பிரசவ வலி கண்டாலும், முதல் ஒரு மணி நேரத்தைத் தாங்குவது இந்தச் சம்பளமில்லாத ஆட்கள்தான். பிக்கப் வண்டி வைத்திருக்கும் ஒருவர், பைக் வைத்திருக்கும் ஒரு பையன், டோலிக்குத் தோள் கொடுக்கும் நாலு பேர். இவர்களுக்கென்று எந்தக் கணக்குத் தலைப்பிலும் ஒரு ரூபாய் ஒதுக்கப்படுவதில்லை. என் சண்டை அதைப் பற்றியது.

108-ஐக் குறை சொல்லப் போவதில்லை. 2005-ல் ஹைதராபாத்தில் அதைத் தொடங்கி வைத்தவர் சத்யம் ராமலிங்க ராஜு. எங்கள் தொழில்காரர்தான். 2009-ல் கம்பெனிக் கணக்கில் செய்த மோசடியை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். அவர் தொடங்கிய ஆம்புலன்ஸ் ஓடிக்கொண்டேயிருக்கிறது. தமிழ்நாட்டுக்கு 2008 செப்டம்பரில் வந்தது. அதற்கு முன் வாடகைக் கார் தேடி அலைந்தவர்களைக் கேட்டால் அதன் அருமை தெரியும்.

ஆனால் ஆம்புலன்ஸ் சராசரியாக இத்தனை நிமிடத்தில் வருகிறது என்று பேசும்போது எனக்கு எரிச்சல் வரும். மென்பொருளில் வேலை பார்ப்பவர்களுக்குச் சராசரியின் பித்தலாட்டம் நன்றாகவே தெரியும். நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேருக்கு நொடியில் திறக்கும் இணையதளம், மீதி ஐந்து பேருக்குத் திறக்கவே திறக்காது. சராசரி மட்டும் அழகாக இருக்கும். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி மலையேறினால் வெள்ளிமலை, வட்டத்தின் தலைமையிடம். அங்கிருந்து பிரிந்து போகிற குக்கிராமங்கள்தான் அந்த மீதி ஐந்து பேர். 108-ஐக் கூப்பிட முதலில் சிக்னல் வேண்டும். சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஒருவர் ஓட வேண்டும். வண்டி வந்து நிற்கக்கூடிய இடம் வரைக்கும் நோயாளியைக் கொண்டு சேர்க்க வேண்டும். ஆம்புலன்ஸ் சேவை என்று நாம் எண்ணுவது அதற்கப்புறம்தான் தொடங்குகிறது.

2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தை பாம்பு கடித்து இறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து உடலோடு திரும்பிய ஆம்புலன்ஸ் பாதி வழியோடு நின்றுவிட, தாய் குழந்தையின் உடலைக் கையில் ஏந்தி மலையேறினார். படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. உடனே சாலை போடுகிற பேச்சு எழுந்தது. சாலை வேண்டும்தான், யார் வேண்டாமென்றது? ஆனால் வனத்துறை அனுமதி, டெண்டர், மழைக்காலம் எல்லாம் தாண்டிச் சாலை வரும்வரை நடுவில் எத்தனை ராத்திரிகள்? அந்த ராத்திரிகளில் பாம்புக்கு லீவு கிடையாது.

பணம் இல்லை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். 15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கென்று பரிந்துரைத்த மானியம் 70,051 கோடி ரூபாய். கிராமப்புறத்துக்கு அதை எதற்குச் செலவு செய்யலாம் என்று பட்டியலும் போட்டுக் கொடுத்தார்கள். கட்டடம் இல்லாத துணை சுகாதார நிலையத்துக்குக் கட்டடம், பரிசோதனைக் கருவிகள், வட்டாரப் பொதுசுகாதார அலகு, இருக்கும் நிலையங்களைத் தரம் உயர்த்துதல். எல்லாம் தேவையானவை. நோயாளி அந்தக் கட்டடத்துக்கு எப்படி வந்து சேர்வார் என்பதற்கு மட்டும் பட்டியலில் ஒரு வரி இல்லை. பழங்குடிப் பகுதிகளுக்கான பிரதமரின் ஜன்மன் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழு உண்டு. ஆனால் அது மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று பட்டியலிடப்பட்டவர்களுக்கு. கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிகள் அந்தப் பட்டியலில் இல்லை. விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிச் சென்று காப்பாற்றினால் ஒன்றிய அரசு பரிசு தருகிறது. 2025-ல் அதை 25,000 ரூபாயாக உயர்த்தினார்கள். ஆனால் அது சாலை விபத்துக்கு மட்டும். சாலையே இல்லாத ஊர்க்காரன் அந்தப் பரிசை எங்கே போய் வாங்குவான்?

இன்னொரு கணக்கும் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபத்தைந்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று அரசு அறிவித்தது. கொடுத்தது சரி, அந்தக் குடும்பங்கள் தெருவில் நின்றன. அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. ஊரில் கூட்டமாய்ச் செத்தால்தான் மலை கண்ணில் படுகிறது. மலையில் ஒவ்வொருவராகச் சாகிறவர்களுக்கு அந்தக் கவனிப்பு இல்லை.

இப்போது என் கணக்கைப் போடுகிறேன். மலையின் குக்கிராமங்களில் நூறு பேரைத் தேர்ந்தெடுங்கள், பாதிப் பேராவது பெண்கள். ரத்தம் நிற்க அழுத்திப் பிடிப்பது, எலும்பு முறிந்தால் அசையாமல் கட்டுவது, பாம்புக்கடிக்கு இறுக்கிக் கட்டாமலும் கீறாமலும் கொண்டுபோவது என்று பயிற்சி கொடுங்கள். போனை அணைக்காமல் வைத்திருப்பதற்கு மாதம் 3,000 ரூபாய். வருடத்துக்கு 36 லட்சம். எரிபொருளுக்கு 20 லட்சம், பயிற்சிக்கும் முதலுதவிப் பெட்டிக்கும் நாலு லட்சம் வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 60 லட்சம். ஆறு பேரின் சாவுக்குக் கொடுக்கும் இழப்பீடு. எங்கள் தொழிலில் ஆன்-கால் என்று ஒன்று உண்டு. சர்வர் விழுந்தால் எழுந்து பார்க்க ராத்திரியில் போனைப் பக்கத்தில் வைத்துத் தூங்குவதற்கே பல கம்பெனிகளில் தனிப்படி தருகிறார்கள். எவனோ செருப்பு வாங்கும் இணையதளத்துக்காக!

“காசு குடுத்தா சேவை மனப்பான்மை போயிடும் சார்” என்பார்கள். இதைச் சொல்கிறவர்கள் யாரும் சம்பளம் வாங்காமல் இருப்பதில்லை. தொண்டு என்று சொல்லி ஏழையின் டீசலைக் கரைப்பதற்குப் பெயர் வேறு. கூலிக்குப் போகிறவர் ராத்திரி முழுக்க டோலி தூக்கினால் மறுநாள் கூலி போச்சு. அந்தக் கூலியை மலையின் ஏழைகள் அரசுக்கு மானியமாகத் தந்துகொண்டிருக்கிறார்கள் என்பதுதான் நிஜம்.

அமெரிக்காவில்கூட கிராமப்புற ஆம்புலன்ஸ்களில் பெரும்பகுதி தன்னார்வலர்களை நம்பித்தான் ஓடுகிறது. ஆட்கள் குறைந்துகொண்டே போனதால் 2018-ல் வேளாண் மசோதாவோடு சேர்த்து ‘சைரன்’ சட்டம் கொண்டுவந்தார்கள். ஆள் சேர்க்கவும் பயிற்சி கொடுக்கவும் கருவி வாங்கவும் மானியம். அதுவே போதவில்லை என்று அங்கே புலம்பல். அவ்வளவு தூரம் போவானேன், 2016-ல் இலங்கையில் 1990 சுவசெரிய ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது இந்திய அரசின் மானியத்தில். பிறகு வடக்குக்கும் விரிந்தது. நல்ல காரியம், பெருமைப்படலாம். அயல்நாட்டுக்கு நீள்கிற கை கச்சிராயபாளையத்துக்கு மேலே ஏற மாட்டேன் என்கிறது.

கடைசியாக ஒன்று. நாளைக்கே இப்படியொரு மானியம் வந்தாலும் அதை வழக்கமான முறையில் கொடுத்தால் பாழ். செலவு செய்துவிட்டு ரசீது கொடு, ஆறு மாதம் கழித்துப் பணம் என்பார்கள். நடுராத்திரி ரெண்டு மணிக்குப் பெட்டிக்கடையைத் தட்டி எழுப்பிப் பாட்டிலில் வாங்கும் பெட்ரோலுக்கு எந்தக் கடைக்காரர் பில் போட்டுக் கொடுப்பார்? மாதம் பிறந்ததும் முன்பணமாகக் கொடுங்கள். யாரைக் கொண்டுபோனார்கள், எங்கே சேர்த்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதட்டும். கிராம சபையில் அதை வாசிக்கட்டும். பொய் எழுதினால் ஊரே சிரிக்கும். எந்த ஆடிட்டரும் அந்த வேலையைச் செய்ய முடியாது.