ஊசியையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்!



மூணு வருஷம் முடியப் போகுது. "அடுத்து என்ன?" என்ற கேள்வி ஹாஸ்டல் மெஸ்ஸிலும் பஸ் ஸ்டாப்பிலும் நம்மைத் துரத்துகிறது. திருப்பூர், பி.இ. லேட்டரல் என்ட்ரி, கல்யாணம் என்று மூன்று பதில்கள் ஏற்கெனவே இருக்கின்றன. இப்போது நாலாவதாக ஒரு பதில் நம் வகுப்புகளில் காதில் விழுகிறது: "ஜெர்மனிக்கு ஓ பேர் போறேன்."

ஓ பேர் என்றால் என்ன? ஒரு வெளிநாட்டுக் குடும்பத்தோடு தங்கி, அவர்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, லேசான வீட்டு வேலை செய்து, அந்த நாட்டு மொழியையும் பண்பாட்டையும் கற்றுக்கொள்வது. இது பிரெஞ்சுச் சொல். 'சரிசமமாக' என்பது அதன் பொருள். வேலைக்காரியாக இல்லாமல் குடும்பத்தில் ஒருத்தியாக இருக்க வேண்டும் என்பதுதான் கருத்து. 1969-ல் ஐரோப்பிய நாடுகள் சில ஸ்ட்ராஸ்பர்க் நகரில் இதற்கென்று ஓர் ஒப்பந்தமே செய்தன.

"டிப்ளமா படிச்சுட்டு பிள்ளைக்கு மூக்கு துடைக்கவா போறே?" என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும். குழந்தை வளர்ப்பு கேவலமான வேலை இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு நியாயம் ஒளிந்திருக்கிறது. ஒரு வருஷம் மெஷினையும் துணியையும் தொடாமல் இருந்தால், மூணு வருஷம் பழகின கை என்ன ஆகும்? காஜா எடுக்கிற கை, காலர் திருப்புகிற விரல், துணியைத் தடவிப் பார்த்தே ரகம் சொல்கிற பழக்கம், இதெல்லாம் சர்டிபிகேட் மாதிரி பீரோவில் வைத்துப் பூட்டுகிற சமாச்சாரமா? கை மறந்தால் மறந்ததுதான். அதனால் என் கருத்து இதுதான்: போகிறவர்கள் தாராளமாகப் போங்கள், ஆனால் ஊசியையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

நேரம் இருக்குமா என்று கேட்கலாம். கணக்குப் பார்ப்போம். ஜெர்மன் விதிப்படி ஓ பேரின் வேலை நாளுக்கு 6 மணி நேரம், வாரத்துக்கு 30 மணி நேரம். அதற்கு மேல் கூடாது. வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை உண்டு. தனி அறை உண்டு. மொழி வகுப்புக்குப் போக அனுமதி உண்டு. வாரத்துக்கு 168 மணி நேரம். வேலை, வகுப்பு, தூக்கம் எல்லாம் கழித்தாலும் மிச்சம் இருக்கிறது. அந்த மிச்ச நேரத்தில்தான் ஊர் ஞாபகம் வந்து அழுகை வரும். கையில் ஒரு வேலை இருந்தால் மனசு அலையாது.

சரி, எதை எடுத்துப் போவது? நம்ம வீட்டுக் கருப்பு மெஷினைத் தூக்கிக்கொண்டு பிளேன் ஏற முடியாது. இரும்புத் தலை, அதுவே லக்கேஜில் பாதி எடை! எம்பிராய்டரி ஃப்ரேம், நாலைந்து சைஸ் ஊசி, நூல்கண்டு, இஞ்ச் டேப், நல்ல கத்தரிக்கோல் போதும். கத்தரிக்கோலைக் கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் போடுங்கள். அங்கே ராத்திரி பத்து மணிக்கு மேல் அடுக்குமாடி வீடுகளில் சத்தம் போடக் கூடாது. கைத்தையலுக்கு அந்தக் கவலையே இல்லை.

தையல் தெரிந்தவளுக்கு அந்த ஊரில் வாசல்கள் தானாகத் திறக்கும். ஜெர்மனியில் குழந்தை முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போகும் நாளில், மிட்டாயும் பென்சிலும் நிரப்பிய பெரிய கூம்புப் பை ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். அதற்கு ஷூல்டூட்டே என்று பெயர். பல வீடுகளில் அதைத் துணியிலேயே தைக்கிறார்கள். டிசம்பர் வந்தால் கிறிஸ்துமஸ் வரை நாளுக்கு ஒன்றாகத் திறக்க 24 சின்னப் பைகள். பிப்ரவரி, மார்ச் வாக்கில் குழந்தைகளுக்கு மாறுவேடத் திருவிழா. இதிலெல்லாம் அந்தக் குழந்தையோடு சேர்ந்து உட்கார்ந்து ஒரு பை தைத்துப் பாருங்கள். ஊசிக்கு நாடல், நூலுக்கு ஃபாடன், துணிக்கு ஷ்டோஃப் என்று குழந்தையே வாத்தியாராகிவிடும்! வகுப்பில் பத்து தடவை எழுதியும் ஏறாத வார்த்தை, கையால் தொட்டால் ஏறிவிடும்.

கற்றுக்கொள்ளவும் நிறைய இருக்கிறது. ஃபோல்க்ஸ்ஹோக்‌ஷூலே என்ற முதியோர் கல்வி மையங்கள் ஊருக்கு ஊர் உண்டு. அங்கே மொழி வகுப்போடு தையல் வகுப்பும் நடக்கும். 1950-ல் ஆஃபன்பர்க் நகரில் ஏனே புர்டா என்ற பெண்மணி தொடங்கிய பத்திரிகை, பேட்டர்ன் தாளோடு இன்றும் வருகிறது. ஒரே தாளில் பல அளவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோடு போட்டிருக்கும். நாம் வேறு தாளில் நகல் எடுத்து, தையலுக்கான ஓரத்தை நாமே கூட்டி வெட்ட வேண்டும். இஞ்சில் வளர்ந்த நமக்கு சென்டிமீட்டரில் வெட்டுவது நல்ல பயிற்சி.

இனி எச்சரிக்கை. இதைத்தான் அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

ஒன்று: காசுக்குத் தைக்காதீர்கள். ஓ பேர் விசாவில் வேறு சம்பள வேலை செய்ய அனுமதி இல்லை. "பக்கத்து வீட்டம்மா ஜிப் மாத்தச் சொன்னாங்க, பத்து யூரோ குடுத்தாங்க" என்று ஆரம்பித்தால் விசாவுக்கே ஆபத்து வரலாம்.

இரண்டு: ஓசித் தையல்காரியாகவும் ஆகாதீர்கள். ஒரு பொத்தான் தைத்துக் கொடுப்பது அன்பு. வீட்டுத் திரைச்சீலை முழுக்க அடித்துக் கொடு என்றால் அது வேலை. அதை அந்த 30 மணி நேரத்துக்குள் கணக்கு வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். 'சரிசமம்' என்ற சொல்லுக்கு அங்கேதான் சோதனை.

மூன்று: இது சம்பாதிக்கும் வழி இல்லை. 2023-ல் ஜெர்மனியில் ஓ பேருக்குக் கைச்செலவுப் பணம் மாதம் 280 யூரோ. அது சம்பளம் அல்ல. வீட்டுக் கடனை அடைக்கணும்னா திருப்பூருக்கே பஸ் ஏறுங்கள். லட்சத்தைக் கொடு, அனுப்பி வைக்கிறேன் என்கிற ஏஜெண்டிடம் ஜாக்கிரதை! விசாவுக்கு வேண்டியது வயது 18 முதல் 26 வரை, ஏ1 அளவு ஜெர்மன், ஒரு குடும்பத்தோடு ஒப்பந்தம். ஏ1 தேர்வை சென்னை மாக்ஸ் முல்லர் பவனிலேயே எழுதலாம். கதவுகள் மூடுவதும் உண்டு: பிரிட்டன் 2008-லும் நார்வே 2024-லும் இந்த விசாவை நிறுத்திவிட்டன. ஆகவே கிளம்பும் முன் விதியைத் தூதரகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஓ பேராக இருக்க முடியாது. அதன் பிறகு? பி1 வரை மொழி வந்துவிட்டால், தையல் தொழிலிலேயே அங்கே தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். அளவெடுத்துத் தைக்கும் தையற்கலைக்கு அது மூன்று வருஷப் படிப்பு. அப்போது "இந்த வருஷம் என்ன செய்தாய்?" என்று கேட்டால் காட்டுவதற்குக் கையில் நாலு உருப்படி இருக்க வேண்டாமா? ஊருக்கே திரும்பினாலும் அந்த நாலு உருப்படிதான் நமக்காகப் பேசும்.

நம் வகுப்பு ஆண்களுக்கும் இது பொருந்தும். ஓ பேர் பெண்களுக்கு மட்டும் என்று விதியில் இல்லை, ஊசியும் அப்படித்தான்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போகிறோம் என்பதற்காக, நாம் கற்ற தொழிலை அநாதையாக விட்டுவிட்டுப் போகலாமா? யோசியுங்கள், தோழியரே!