பூவா தலையா

மாங்காய்ப் பூ, தக்காளி விலை, பட்டுக்கூடு ஏலம் என்று எழுதுகிறவன் திடீரென்று ஃபுட்பாலுக்குப் போய்விட்டானே என்று நினைக்காதீர்கள். இது பந்தைப் பற்றியதும்தான், நம்ம மாவட்டத்துப் பொம்பளப் புள்ளைங்களைப் பற்றியதும்தான். அதுக்கு முதலில் டாக்கா வரைக்கும் ஒரு நடை போய்விட்டு வரணும்.

2024 பிப்ரவரி 8. டாக்காவில் கமலாபூர் ஸ்டேடியம். தெற்காசிய நாடுகளுக்குள் நடக்கிற சாஃப் போட்டி, 19 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கானது. இந்தியா, வங்கதேசம், நேபாளம், பூட்டான் என்று நாலே அணி. ஃபைனலில் நாமும் வங்கதேசமும். எட்டாவது நிமிடத்திலேயே சிபானி தேவி நமக்கு ஒரு கோல் போட்டுவிட்டார். தொண்ணூறு நிமிடம் முடிகிற வரைக்கும் அந்த ஒரு கோலை வைத்தே தாக்குப் பிடித்தாச்சு. கோப்பை நமக்குத்தான் என்று இருந்தபோது, கூடுதலாகக் கொடுத்த நேரத்தில் சாகோரிகா என்கிற பொண்ணு அடித்து சமன் பண்ணிடுச்சு.

அப்புறம் பெனால்டி. ஐந்து ஐந்து அடித்தும் சமம். ஆறு, ஏழு, எட்டு என்று போய்க்கொண்டே இருக்கிறது. கடைசியில் கோல்கீப்பர்களும் வந்து அடித்தார்கள். 22 பேர் அடித்து 22 பேரும் கோல். 11-11. பெரிய பெரிய ஆம்பளைங்க உலகக் கோப்பையில் பெனால்டியை வானத்துக்கு அடித்ததைப் பார்த்திருக்கிறோம். இந்தப் புள்ளைங்கள்ல ஒருத்தியும் தவறவிடவில்லை.

இத்தனை ஆன பிறகு மேட்ச் கமிஷனர் பூவா தலையா போட்டு முடித்துவிடச் சொன்னார். காசைச் சுண்டினார்கள். இந்தியா ஜெயித்தது என்று அறிவிப்பு. நம்ம பக்கம் குதிக்கிறார்கள். அந்தப் பக்கம் வங்கதேசத்துப் பெண்கள் மைதானத்தை விட்டு நகரமாட்டோம் என்று நிற்கிறார்கள். கூட்டத்திலிருந்து பாட்டில் வந்து விழுகிறது. இப்படி ஒரு விதியே கிடையாது, ஒரு அணி முந்துகிற வரைக்கும் அடித்துக்கொண்டே இருக்கணும் என்பதுதான் விதி. தீர்ப்பை வாபஸ் வாங்கினார்கள். மறுபடி பெனால்டிக்கு வா என்றால் இந்திய அணி வரவில்லை. மணிக்கணக்கில் இழுத்து, கடைசியில் ரெண்டு அணியும் கூட்டுச் சாம்பியன் என்று சொல்லி அனுப்பினார்கள்.

"ஜெயிச்ச கோப்பையைப் பாதியாக்கிட்டாங்க"ன்னு அப்போ நம்ம ஆளுங்க நிறையப் பேருக்குக் கோபம். எனக்கு அந்தக் கோபம் வரவில்லை. 1968இல் ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் இத்தாலியும் சோவியத் யூனியனும் கோல் இல்லாமல் முடிக்க, காசைச் சுண்டித்தான் இத்தாலியை ஃபைனலுக்கு அனுப்பினார்கள். அது சரியில்லை என்றுதானே 1970இல் பெனால்டி முறையையே கொண்டுவந்தார்கள்? அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது நாமும் திருவுளச்சீட்டு போடுகிறோம். ஆனால் எப்போது? நிலத்தை அளந்து, கிணற்றுப் பங்கு பேசி, எல்லாத் துண்டும் சமம் என்று ஒத்துக்கொண்ட பிறகு, எது யாருக்கு என்பதற்குத்தான் சீட்டு. யாருக்கு நிலமே இல்லை என்று முடிவு பண்ணுவதற்கு யாரும் சீட்டு போட மாட்டான். 11-11 அடித்த புள்ளைங்களை ஒரு காசை வைத்து வீட்டுக்கு அனுப்புவது அந்த மாதிரி வேலை. கூட்டுக் கோப்பை கொடுத்ததுதான் நியாயம்.

சரி, அந்தப் பொண்ணு சாகோரிகா யாரு? வங்கதேசத்தின் வடக்கு மூலையில் தாக்கூர்காவ் மாவட்டம், ராணிசங்கைல் பக்கத்துல கிராமம். அப்பாவுக்கு டீக்கடை. மகள் பந்து ஆடுவது ஆரம்பத்தில் அவருக்குப் பிடிக்கவே இல்லை. ஊருக்குள் நடந்த ஒரு சின்ன அகாடமியில் பழகித்தான் அந்தப் பொண்ணு தேசிய அணிக்கு வந்தது. இதைப் படித்தபோது, அந்த டீக்கடையை நம்ம பாலக்கோடு ரோட்டில் எங்கேயோ பார்த்த மாதிரியே இருந்தது எனக்கு.

இன்னொரு ஊர், மைமன்சிங் மாவட்டத்தில் கோல்சிந்தூர். இந்த ஊரைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்லணும். அந்த நாட்டில் 2011இலிருந்து தொடக்கப் பள்ளிப் பெண் பிள்ளைகளுக்கு என்று தனியாக ஒரு கால்பந்துப் போட்டி நடத்தினார்கள். நம்ம பஞ்சாயத்து மாதிரி இருக்கிற யூனியன் அளவில் ஆரம்பித்து, வட்டம், மாவட்டம், கோட்டம், நாடு என்று மேலே ஏறும். கோல்சிந்தூர் அரசுத் தொடக்கப் பள்ளி அதை மூன்று தடவை ஜெயித்தது. மரியா மாண்டா, சஞ்சிதா, தகுரா என்று அந்த ஒரே ஊரிலிருந்து வரிசையாகத் தேசிய அணிக்குப் போனார்கள். மரியா மாண்டாவின் அம்மா கூலி வேலைக்குப் போனவர். 2017 டிசம்பரில் 15 வயதுக்கு உட்பட்டோருக்கான சாஃப் ஃபைனலில் இந்தியாவை 1-0 என்று வங்கதேசம் ஜெயித்தபோது கேப்டன் மரியாதான். இந்தப் புள்ளைங்க ஜெயித்துவிட்டு வந்து, என்ன வேணும் என்று கேட்டால், ஊருக்குக் கரண்ட் வேணும் என்றார்களாம். கரண்ட் வந்தது. நம்ம ஊரில் ஒரு டிரான்ஸ்பார்மர் மாற்ற நாம எத்தனை தடவை மனு கொடுத்தோம்னு நினைத்துப் பாருங்கள்!

இனி நம்ம கதை. தர்மபுரி மாவட்டத்துப் பேர் பெண் குழந்தை விஷயத்தில் எதற்கு வெளியே தெரிந்தது என்று நமக்குத் தெரியும். 1992இல் சேலத்தில் ஆரம்பித்த தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001இல் நம்ம மாவட்டத்துக்கும் கொண்டுவர வேண்டியிருந்தது. பொறக்கறதே பூவா தலையாவாக இருந்த ஊர் இது. இப்போது எவ்வளவோ மாறியிருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். புள்ளைங்க சைக்கிளில் பள்ளிக்கூடம் போகுது, நர்சிங் படிக்குது, திருப்பூருக்கும் ஓசூருக்கும் வேலைக்குப் போகுது. ஆனால் குழந்தைத் திருமணம் இன்னும் முழுசாக நிற்கவில்லை. சாஃப் போட்டியில் "19 வயதுக்கு உட்பட்டோர்" என்று போடுகிறார்கள். நம்ம பக்கத்தில் அந்த வயசுப் பொண்ணுங்கள்ல எத்தனை பேர் புருஷன் வீட்டில் சோறாக்கிக்கிட்டு இருக்கு என்று எண்ணிப் பார்த்தால் சங்கடம்தான். எங்க தெருவில் ஒரு பொண்ணு. எட்டாவது வரைக்கும் ஓட்டத்தில் அவளை முந்த ஆளில்லை. வயசுக்கு வந்தாள், ஓட்டம் நின்றுபோச்சு. யாரும் திட்டி நிறுத்தவில்லை. ஷார்ட்ஸ் போட வேண்டாம், வெளியூர் போட்டிக்கு யார் கூடப் போவது, இப்படி ஒன்றொன்றாகச் சேர்ந்து தானாக நின்றுபோனது.

"மைதானம் இல்லை, அதனால ஆள் வரல"ன்னு சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஸ்டேடியம் கேட்டு மனு எழுதுகிறோம், சின்தெடிக் டிராக் கேட்கிறோம். அது வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கோல்சிந்தூரில் முதலில் ஸ்டேடியமா வந்தது? ஜெயித்த பிறகுதான் கரண்டே வந்தது. முதலில் வந்தது போட்டி. ஒவ்வொரு தொடக்கப் பள்ளியும் பெண் பிள்ளைகளைக் கொண்டு ஒரு டீம் இறக்கியாகணும் என்கிற நிலைமை. அப்படி ஒரு போட்டி இருந்தால் தலைமை ஆசிரியர் பிள்ளைகளைத் தேடுவார். வீட்டிலும், வாத்தியாரே கூட்டிப்போறார், ஊரே போகுது என்று அனுப்பி வைப்பார்கள். பத்து வயசில் பந்து காலில் ஒட்டிக்கொண்டால், பதிமூன்று வயசில் நிறுத்துவது அப்பனுக்கும் அவ்வளவு லேசு இல்லை. அதற்குள் அவனே கைதட்டப் பழகியிருப்பான். நம்ம ஊரில் குறுவட்டப் போட்டி, வருவாய் மாவட்டம், மாநிலம் என்று ஏணி இருக்கிறது, முதலமைச்சர் கோப்பையும் இருக்கிறது. ஆனால் அதெல்லாம் ஆறாவதுக்கு மேல். தொடக்கப் பள்ளிக்கு பி.டி. வாத்தியார் போஸ்டிங்கே கிடையாது. ஏணியில் கீழ்ப்படிகளை மட்டும் பிடுங்கி வைத்துக்கொண்டு, மேலே யாரும் ஏறவில்லை என்று பேசுகிறோம்.

பந்து சோறு போடுமா என்று எங்க பெரியப்பா கேட்டார். அவர் கேட்பது தப்பில்லை, புள்ளை பெத்தவன் கேட்கத்தான் செய்வான். கடலூர் இந்துமதி கதிரேசனைச் சொன்னேன். இந்திய அணிக்கு ஆடியவர், தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். அரசு வேலையில் விளையாட்டுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பதையும் சொன்னேன். "எல்லாரும் எஸ்.ஐ. ஆவாங்களாடா?"ன்னார். ஆக மாட்டாங்க. நானும் தக்காளி நட்ட எல்லா வருஷமும் காசு பார்க்கவில்லையே பெரியப்பா, என்றேன். அதுக்கு அவரிடம் பதில் இல்லை, சிரித்துக்கொண்டார்.

2025 ஜூலையில் 20 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான சாஃப் போட்டி மறுபடி டாக்காவில் நடந்தது. கடைசி ஆட்டத்தில் வங்கதேசம் நேபாளத்தை 4-0 என்று அடித்துச் சாம்பியன் ஆனது. நாலு கோலும் அதே டீக்கடைக்காரர் மகள் சாகோரிகா. இந்தியா அந்தப் போட்டியில் கலந்துகொள்ளவே இல்லை. நூத்தி நாற்பது கோடிப் பேர் இருக்கிற நாடு!

அரசாங்கம் எப்போது செய்யும் என்று காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. எங்க ஊர் பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில், நாலாவது ஐந்தாவது படிக்கிற பொண்ணுங்களுக்கு ஒரு டீம் வைக்கலாமா என்று கேட்கப்போகிறேன். சுற்றுப்பட்டு ஊர்களில் குழுவில் இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் நீங்களும் கேளுங்கள். நாலு பள்ளிக்கூடம் சேர்ந்தாலே ஒரு போட்டி ஆச்சு. ஏரி வற்றினால் ஏரிக்குள்ளேயே ஆடலாம், ஆனால் அதுக்குப் பங்குனி ஆகிவிடும். மார்கழியில் ராகி அறுத்துவிட்டால் ரோட்டோரம் இருக்கிற என் கொல்லை ஒன்றரை ஏக்கர் சும்மாதான் கிடக்கும். மாடு கட்டி ஒரு தடவை மரம் அடித்துச் சமன் பண்ணிவிடுவேன். கல்லுதான் நிறைய இருக்குது, பொறுக்க ஆள் வேணும்.