பழைய வாகனங்களை நம்பி வாழும் எமக்கு ஒயில் பில்டர் சின்ன விடயமல்ல

கடந்த மாதம் பரந்தனில் ஒரு கராஜில் நின்றபோது பட்டா வாகனம் ஒன்றைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். முல்லைத்தீவுக் கரையிலிருந்து மீன் ஏற்றும் வாகனம். எஞ்சின் இறுகிவிட்டது. லீசிங் கட்டி முடிய இன்னும் 16 மாதம் இருக்கிறதாம்.

மெக்கானிக் ஒயில் பில்டரைக் கழற்றித் தகரத்தை வெட்டித் திறந்தார். உள்ளே மடிப்பு மடிப்பாக நிற்க வேண்டிய காகிதம் ஒட்டு விட்டுச் சுருங்கிக் கிடந்தது. அதிலிருந்து கிழிந்த துணுக்குகள் ஒயில் போகும் துவாரத்தில் அடைத்திருந்தன. வெளித் தகரத்திலே பெயர்போன கம்பனி ஒன்றின் பெயர். உள்ளே இருந்தது அந்தக் கம்பனியின் சாமானாக இருக்க வாய்ப்பில்லை என்றார் மெக்கானிக்.

இதை ஒரு சாரதியின் கவனக்குறைவு என்று நான் பார்க்கவில்லை. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணியைக் காரணம் காட்டி வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரி 1ஆம் திகதி. இடையில் ஏறத்தாழ ஐந்து வருடங்கள். திறந்த பின்னும் வரிகளைக் கூட்டிப் பார்த்தால், கூலி வேலை செய்பவரோ தோட்டம் செய்பவரோ புதிய வாகனத்தை எட்டிப் பார்க்க முடியாது. ஆகவே வேறு நாடுகளில் உடைத்து இரும்புக்குப் போட்டிருக்கக்கூடிய வாகனம் இங்கே ஒரு குடும்பத்தின் முழு முதலாகவே நிற்கிறது. யுத்தத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து, 2009க்குப் பிறகு லீசிங்கில் முதல் வாகனம் எடுத்த குடும்பங்கள் வன்னியில் எத்தனை! எஞ்சின் நின்றால் உழைப்பு நிற்கும். தவணை நிற்காது.

இதற்கிடையில் 2022இல் ரூபாய் சரிந்தது. 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில மாதங்களுக்குள் 350ஐத் தாண்டியது. உதிரிப்பாக விலைகளும் கூடவே ஏறின. அசல் சாமானுக்கும் எமது சட்டைப்பைக்கும் இடையில் விழுந்த அந்தப் பள்ளத்தில்தான் போலிச் சாமான் வசதியாக வந்து உட்கார்ந்தது என்பது என் கணிப்பு.

தட்டுப்பாட்டில் வாகனம் ஓட்டுவது எங்களுக்குப் புதிதல்ல. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்து மொறிஸ் மைனர்களும் ஏ40களும் துளி பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின. எரியாத மண்ணெண்ணெய் ஒயிலுக்குள் இறங்கி அதைத் தண்ணீராக்கிவிடும். பழைய ஒயிலைப் படிய வைத்துத் துணியில் வடித்துத் திரும்ப ஊற்றிய என் தகப்பனாரின் கை இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆனால் அன்று கையில் இருப்பது மட்டமான சாமான் என்று தெரிந்தே பாவித்தோம். இன்று நல்லது என்று நம்பிக் காசு கொடுத்து மட்டமானதை வாங்குகிறோம். எனக்கு இதுதான் கூடுதலாக எரிகிறது.

எஞ்சினைத் தேய்ப்பது கண்ணுக்குத் தெரியாத தூள்தான். தலைமயிர் ஒன்றின் தடிப்பு சுமார் 70 மைக்ரோன். அதில் பாதிக்கும் குறைவான துகள்களே பெயரிங்கைத் தின்னப் போதும். இவற்றைப் பிடிப்பது காகிதம். காகிதம் அடைபட்டால் ஒயில் நின்றுவிடாதபடி பக்கவழியைத் திறக்க ஒரு வால்வு இருக்கும். இரவில் ஒயில் கீழே வடிந்துவிடாமல் தடுக்க ஒரு ரப்பர் தட்டும் இருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் சில வினாடிகள் எஞ்சின் கடகடத்து அடங்குகிறதா? அந்த ரப்பரைச் சந்தேகியுங்கள்.

வாங்கும்போது பெட்டியைப் பார்த்து ஏமாறவேண்டாம். அச்சடிப்பதுதான் ஆக இலகுவான போலி. பில்டரையே கையில் எடுங்கள். அடித்தட்டின் சிறு துவாரங்களுக்குள் நெருப்புக்குச்சியால் மெதுவாக அழுத்தினால் ரப்பர் தட்டு விலகித் திரும்ப வந்து மூடவேண்டும். நடுத் துவாரத்தின் புரி சுத்தமாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். வெளி ரப்பர் வளையம் மிருதுவாக, சுற்றிவர ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். புரி பொருந்துகிறது என்பதற்காக வேறு வாகனத்தின் பில்டரைப் பூட்டுகிறார்கள். பக்கவழி வால்வு திறக்கும் அழுத்தம் எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும். ஆகவே பாக இலக்கத்தைச் சொல்லியே கேளுங்கள்.

வாகனக் கம்பனியின் பெயர் போட்டதுதான் வேண்டும் என்றில்லை. ஜப்பானின் விக், இந்தோனேசியாவின் சகுரா போன்றவை பில்டருக்கென்றே பெயரெடுத்தவை. போலிக்காரர் அந்தப் பெயர்களையும் விடமாட்டார் என்பதால், பெயரைவிடக் கடை முக்கியம். எம்.டி. 90 வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலையிடி இல்லை. அதற்குள் காகிதமே கிடையாது, வலையைக் கழுவிப் போட்டால் சரி.

பூட்டும்போது ஒன்று மட்டும் கவனியுங்கள். பழைய பில்டரின் ரப்பர் வளையம் சிலவேளை எஞ்சினிலேயே ஒட்டி நிற்கும். அதன்மேல் புதியதைப் பூட்டினால் ஒயில் முழுவதும் றோட்டில் போய்விடும். வளையத்தில் ஒயில் தடவிக் கையால் இறுக்கினால் போதும். கழற்றிய பில்டரையும் எறியவேண்டாம், மெக்கானிக்கிடம் சொல்லி வெட்டிப் பாருங்கள். அடுத்த முறை எதை வாங்குவது என்று அது சொல்லும்.

பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறைப்பாடு செய்யலாம். கையில் சீட்டு இல்லாவிட்டால் அங்கே எதைக் காட்டுவது?

பரந்தனில் அந்தச் சாரதி வெட்டிய பில்டரை ஒரு சொப்பிங் பையில் போட்டுக் கட்டினார். வாங்கிய கடைக்குக் கொண்டுபோய்க் காட்டப்போவதாகச் சொன்னார். “பில் இருக்கோ தம்பி?” என்று கேட்டேன்.

“அவை தாறேல்லை அண்ணை. நானும் கேக்கேல்லை.”